திஸ், தட், தீஸ், தோஸ்: எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது?

ஆங்கிலத்தில் எழுதிய மடல்கள், கட்டுரைகள், விண்ணப்பங்கள் இவற்றைத் திருத்திக் கொடுப்பது என் அன்றாட வேலை. அதில் நான் திரும்பத் திரும்பக் கைவைக்க வேண்டியிருப்பது திஸ், தட், தீஸ், தோஸ் என்ற நான்கு சின்னச் சுட்டுச்சொற்களில்தான். ஆங்கிலம் நன்றாகவே எழுதுகிறவர்களும் இங்கே இடறுகிறார்கள். இடறும் இடங்களும் ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவதில்லை. அதனால் அறிகுறியை வைத்துத் தேடும்படி இதை எழுதியிருக்கிறேன். உங்கள் வாக்கியத்தில் எது உறுத்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். சுட்டுச்சொல் தப்பாகப் படுகிறதா? உடனே அதை மாற்றாதீர்கள். அதற்கு வலப்பக்கம் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிழை சுட்டுச்சொல்லில் தெரியும். காரணம் பெரும்பாலும் அடுத்து வரும் பெயர்ச்சொல்லில் இருக்கும். பெயர்ச்சொல்லைப் பார்க்காமல் திஸ் என்பதைத் தீஸ் என்று மாற்றினால் ஒரு பிழை போய் இன்னொன்று வரும்.

அடிப்படைக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கிட்டே ஒன்று இருந்தால் திஸ், பல இருந்தால் தீஸ். தள்ளி ஒன்று இருந்தால் தட், பல இருந்தால் தோஸ். சரி, கோளாறுகளுக்குப் போவோம்.

## அறிகுறி 1: "திஸ் புக்ஸ்", "தட் ஃபைல்ஸ்" என்று எழுதியிருக்கிறது

நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். இந்தப் புத்தகம், இந்தப் புத்தகங்கள் என்று சொல்லும்போது தமிழில் "இந்த" மாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் மாற வேண்டும். அந்தப் பழக்கத்தில் கை தானாகவே திஸ் என்று எழுதிவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது: பெயர்ச்சொல் பன்மையா? பன்மை என்றால் திஸ் தீஸ் ஆகும், தட் தோஸ் ஆகும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். வினையையும் பாருங்கள். "தீஸ் ஃபைல்ஸ் இஸ் ரெடி" என்று பாதி திருத்தத்தோடு நிற்கும் வாக்கியங்கள் ஏராளம். இஸ் என்பது ஆர் ஆக வேண்டும், வாஸ் என்பது வேர் ஆக வேண்டும், ஹாஸ் என்பது ஹாவ் ஆக வேண்டும்.

அடுத்து: நடுவில் ஏதாவது புகுந்திருக்கிறதா? "திஸ் டூ புக்ஸ்" என்பதில் எண் புகுந்துவிட்டது. "திஸ் ஓல்ட் அண்ட் டேமேஜ்டு புக்ஸ்" என்பதில் அடைமொழிகள் புகுந்துவிட்டன. பெயர்ச்சொல் தள்ளிப் போகப் போக அது பன்மை என்பதே மறந்துவிடும். நடுவில் உள்ளதை விரலால் மூடிவிட்டுப் படித்தால் "திஸ் ... புக்ஸ்" என்பது பளிச்சென்று உறுத்தும். தீஸ் டூ புக்ஸ், தீஸ் ஓல்ட் புக்ஸ் என்று திருத்துங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. நேரம், தூரம், தொகை இவற்றை மொத்தமாக ஒரே அளவாக நினைத்துச் சொன்னால் ஒருமை செல்லும். "தட் டென் மினிட்ஸ் வாஸ் ஹார்ட்" என்பதில் பத்து நிமிடத்தையும் சேர்த்து ஒரு பொழுதாகச் சொல்கிறோம். அது பிழை கிடையாது, அப்படியே விட்டுவிடுங்கள்.

அதற்கடுத்து: ஸ் இல்லாமலே பன்மையாக இருக்கும் சொல்லா? பீப்பிள், சில்ட்ரன், மென், விமன் எல்லாம் பன்மை. எனவே "திஸ் பீப்பிள்" என்பது "தீஸ் பீப்பிள்" ஆக வேண்டும். க்ரைடீரியா, ஃபினாமினா இரண்டும் பன்மைதான். ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் க்ரைடீரியன், ஃபினாமினன். "திஸ் க்ரைடீரியா" என்று படித்தவர்கள் எழுதிய அறிக்கைகளிலேயே பார்க்கிறேன். சீரிஸ், ஸ்பீஷீஸ் போன்றவை ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவத்தில் இருக்கும். ஒன்றா பலவா என்று முதலில் நீங்கள் முடிவு செய்துகொண்டு, அதன்படி திஸ் அல்லது தீஸ் போட வேண்டும்.

கடைசியாக: ஸ் இருந்தும் ஒருமையா? நியூஸ், மேத்தமேடிக்ஸ், ஃபிசிக்ஸ் ஆகியவை ஒருமை. "தீஸ் நியூஸ் ஆர்" என்று எழுதினால் இரண்டு இடத்தில் தப்பு. "திஸ் நியூஸ் இஸ்" என்பதே சரி.

வெளியே கேட்க வேண்டிய இடம்: டேட்டா. பொது எழுத்தில் "திஸ் டேட்டா இஸ்" இன்று சாதாரணமாகிவிட்டது. அறிவியல் எழுத்தில் "தீஸ் டேட்டா ஆர்" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆய்விதழுக்கு அனுப்புகிறீர்கள் என்றால் அந்த இதழின் நடைக் கையேட்டைப் பாருங்கள். வேறெங்கும் என்றால் ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள்.

## அறிகுறி 2: "தீஸ் ஃபர்னிச்சர்ஸ்", "தீஸ் இன்ஃபர்மேஷன்ஸ்"

மேலோட்டமாகப் பார்த்தால் இங்கே எல்லாம் பொருந்துகிறது. தீஸ் பன்மை, பின்னால் ஸ் இருக்கிறது. ஆனால் பெயர்ச்சொல்லே தவறு. ஆங்கிலம் இவற்றை எண்ண முடியாதவையாகக் கருதுகிறது: ஃபர்னிச்சர், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், எக்விப்மென்ட், லக்கேஜ், ஹோம்வொர்க், சாஃப்ட்வேர், ஃபீட்பேக். இவை ஸ் ஏற்காது. அதனால் தீஸ், தோஸ் இரண்டையும் ஏற்காது.

இதைக் காதால் கண்டுபிடிக்க முயலாதீர்கள். "இரண்டு தகவல்கள்", "நான்கு அறிவுரைகள்" என்பது தமிழ்க் காதுக்கு இயல்பாக இருக்கும். கற்போருக்கான ஆங்கில அகராதி ஒன்றைத் திறந்து அந்தச் சொல்லுக்கு எதிரே உள்ள குறியைப் பாருங்கள். எண்ண முடியாததற்கு யூ என்ற எழுத்தும், எண்ணக்கூடியதற்கு சி என்ற எழுத்தும் போட்டிருப்பார்கள். சாதாரண அகராதிகள் பலவற்றில் இந்தக் குறி இருக்காது. கற்போருக்கென்று தயாரித்ததே வேண்டும்.

திருத்த மூன்று வழி உண்டு. மிகச் சுலபமானது ஸ் எடுத்துவிட்டு ஒருமையாக்குவது: "திஸ் இன்ஃபர்மேஷன் இஸ்". இரண்டாவது, எண்ணிச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் பீஸ் சேர்ப்பது: "தீஸ் டூ பீஸஸ் ஆஃப் அட்வைஸ்". மூன்றாவது, பெயர்ச்சொல்லையே மாற்றுவது: இன்ஃபர்மேஷன் போய் டீடெய்ல்ஸ், அட்வைஸ் போய் சஜஷன்ஸ், எக்விப்மென்ட் போய் டூல்ஸ். கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தாலும் எனக்குப் பிடித்தது மூன்றாவது. பீஸஸ் ஆஃப் என்பது இலக்கணப்படி சரியாக இருந்தாலும் வாக்கியத்தைக் கனமாக்கிவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. சிஸர்ஸ், பிளையர்ஸ், ட்ரவுசர்ஸ், கண்ணில் போடும் கிளாஸஸ் எல்லாம் கையில் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஆங்கிலத்தில் பன்மை. "திஸ் சிஸர்ஸ் இஸ்" என்பதை "தீஸ் சிஸர்ஸ் ஆர்" என்று மாற்றுங்கள். ஒருமையாகவே வேண்டுமென்றால் "திஸ் பேர் ஆஃப் சிஸர்ஸ் இஸ்".

## அறிகுறி 3: "தீஸ் கைண்ட் ஆஃப் புக்ஸ்", "தீஸ் லிஸ்ட் ஆஃப் நேம்ஸ்"

ஆஃப் வந்தால் கண் அதைத் தாண்டிப் போய்க் கடைசியில் உள்ள பன்மையைப் பிடித்துக்கொள்கிறது. சுட்டுச்சொல் பொருந்த வேண்டியது ஆஃப் என்பதற்கு முன்னால் உள்ள சொல்லோடு.

"தீஸ் லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் ஆர் இன்கம்ப்ளீட்" என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுட்டுச்சொல்லுக்கு வலப்பக்கம் உடனே நிற்பது லிஸ்ட். அது ஒன்று. எனவே திஸ் லிஸ்ட். முழுமையாக இல்லாமல் இருப்பது எது? பட்டியல்தான், பெயர்கள் அல்ல. எனவே வினை இஸ். "திஸ் லிஸ்ட் ஆஃப் நேம்ஸ் இஸ் இன்கம்ப்ளீட்." செட் ஆஃப் கீஸ், பாக்ஸ் ஆஃப் புக்ஸ், குரூப் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் எல்லாவற்றுக்கும் இதே சோதனை போதும்.

கைண்ட், டைப், சார்ட் என்பவற்றில் ஒரே வகையென்றால் "திஸ் கைண்ட் ஆஃப் புக்", பல வகையென்றால் "தீஸ் கைண்ட்ஸ் ஆஃப் புக்ஸ்". "தீஸ் கைண்ட் ஆஃப்" என்று ஆங்கிலேயர்களே பேச்சில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பேச்சில் போகட்டும். தேர்வுத் தாளிலும் அலுவலக எழுத்திலும் அது பிழையாகவே எண்ணப்படும்.

இதே குடும்பத்தில் இன்னும் சில. "ஒன் ஆஃப் தீஸ் புக்" தவறு. புக்ஸ் என்று பன்மை வேண்டும், வினை மட்டும் ஒருமை: "ஒன் ஆஃப் தீஸ் புக்ஸ் இஸ்". "எவ்ரி ஆஃப் தீஸ்" என்று ஒன்று கிடையாது. "ஈச் ஆஃப் தீஸ்" என்று எழுதுங்கள். ஆல் என்பது இரண்டோடும் சேரும்: "ஆல் திஸ் வொர்க்", "ஆல் தீஸ் டாஸ்க்ஸ்".

## அறிகுறி 4: "மை திஸ் புக்", "தி திஸ் ஃபைல்"

விரைவில் முடிந்துவிடும் கோளாறு. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் மை, யுவர், தி, திஸ் ஆகியவற்றில் ஒன்றுக்குத்தான் இடம். முதலில் ஒன்றை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் பொருள் குறையாது. இரண்டுமே வேண்டுமென்றால் "திஸ் புக் ஆஃப் மைன்", "தட் ஃபிரெண்ட் ஆஃப் ஹர்ஸ்" என்று பின்னால் கொண்டுபோங்கள். ஆனால் "தட் ஐடியா ஆஃப் யுவர்ஸ்" என்று எதிராளியைப் பார்த்து எழுதும்போது கொஞ்சம் இளக்காரம் தொனிக்கலாம். அலுவலக மடலில் "யுவர் ஐடியா" என்று விட்டுவிடுவதே நல்லது.

## அறிகுறி 5: ஆளைச் சொன்னால் மரியாதைக் குறைவாக ஒலிக்கிறது

"திஸ் வில் ஹெல்ப் யூ" என்று பக்கத்தில் நிற்கும் சக ஊழியரைக் காட்டிச் சொன்னால் ஆங்கிலம் கேட்பவருக்கு ஏதோ ஒரு பொருளைக் காட்டுவது போல இருக்கும். சொன்னவர் மனத்தில் இருந்தது "இவர் உங்களுக்கு உதவுவார்" என்பது. தமிழில் இவர், அவர் என்று கிட்டத்தையும் தூரத்தையும் பிரித்தே சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தின் ஹி, ஷி இரண்டிலும் அந்தப் பிரிவு இல்லை. கிட்டே இருக்கிறார் என்பதை விட்டுவிட மனமில்லாமல் திஸ் என்பதைப் பிடித்துக்கொள்கிறோம். விட்டுவிடலாம். ஹி, ஷி என்று சொன்னாலே போதும், அதில் எந்த அவமரியாதையும் இல்லை.

சோதனை இதுதான். அந்த வாக்கியம் ஆளை இன்னார் என்று அறிமுகப்படுத்துகிறதா? அப்படியென்றால் திஸ், தட் தாராளமாக வரலாம். "திஸ் இஸ் மை பிரதர்." "தீஸ் ஆர் மை பேரன்ட்ஸ்." படத்தைக் காட்டி "தட் இஸ் மை டீச்சர்." எல்லாம் சரி. அறிமுகம் முடிந்து அவர் ஏதாவது செய்கிறார், அவரை யாராவது சந்திக்கிறார்கள் என்று போனால் ஹி, ஷி, ஹிம், ஹர். கிட்டே இருப்பவரைப் பிரித்துக் காட்டியே ஆக வேண்டுமென்றால் பின்னால் பெயர்ச்சொல் சேர்க்க வேண்டும்: "திஸ் ஜென்டில்மேன்", "திஸ் லேடி".

பன்மையில் தோஸ் மட்டும் தனி. "தோஸ் ஹூ கேம் லேட்" என்றால் தாமதமாக வந்தவர்கள். நல்ல, மரியாதையான ஆங்கிலம். இதை ஒருமையாக்கி "தட் ஹூ கேம் லேட்" என்று எழுதக் கூடாது. "எனிஒன் ஹூ" அல்லது "தி பர்சன் ஹூ" என்று மாற்றுங்கள்.

தொலைபேசியில் உங்களைச் சொல்ல "திஸ் இஸ்" என்று தொடங்கிப் பெயரைச் சொல்வது வழக்கம். "ஐ ஆம்" என்பது தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் முகம் தெரியாத இடத்தில் "திஸ் இஸ்" தான் இயல்பு. எதிர்முனையில் யார் என்று கேட்க அமெரிக்கர்கள் "ஹூ இஸ் திஸ்?" என்பார்கள், பிரிட்டனில் "ஹூ இஸ் தட்?" என்று கேட்பார்கள். இரண்டும் சரியே.

## அறிகுறி 6: பதிலில் திஸ் திரும்பத் திரும்ப வருகிறது

"வாட் இஸ் திஸ்?" என்று கேட்டால் "திஸ் இஸ் எ கீ" என்று பதில் சொல்லிப் பழகியிருக்கிறோம். இயல்பான பதில் "இட் இஸ் எ கீ". பன்மையில் "வாட் ஆர் தோஸ்?" என்பதற்கு "தே ஆர் கீஸ்". ஒரு தடவை சுட்டிக் காட்டியாகிவிட்டது. அப்புறம் இட், தே போதும். மறுபடி மறுபடி சுட்டினால், ஒவ்வொரு தடவையும் புதிதாக வேறொன்றைக் காட்டுவது போல ஆகிவிடும்.

வாக்கியக் கடைசியில் ஒட்டும் கேள்வியிலும் இதே ஏற்பாடு. "திஸ் இஸ் யுவர் கீ, இஸ்ன்ட் இட்?" "தோஸ் ஆர் யுவர் ஷூஸ், ஆரன்ட் தே?" இங்கே "இஸ்ன்ட் திஸ்", "ஆரன்ட் தோஸ்" வராது. பிழை கண்டுபிடிக்கும் தேர்வுக் கேள்விகளில் இதைக் கேட்க வாய்ப்பு உண்டு.

## அறிகுறி 7: "திஸ்" என்று தொடங்கிய வரியைப் படித்தவர் "எது?" என்று கேட்கிறார்

இலக்கணம் அறவே சரியாக இருந்தும் வாக்கியம் உடையும் இடம் இது. மற்றவற்றைவிட இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். மற்ற பிழைகளைப் படிப்பவர் மனத்துக்குள்ளேயே திருத்திக்கொண்டு போய்விடுவார். இதை அவரால் திருத்த முடியாது. எழுதியவர் மனத்தில் என்ன இருந்தது என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். பயிற்சி வகுப்பின் நேரம் மாற்றப்பட்டது. மாற்றத்தை யாருக்கும் சொல்லவில்லை. பயிற்சியாளரும் அன்று வரவில்லை. இதை மூன்று நல்ல ஆங்கில வாக்கியங்களில் எழுதிவிட்டு, நான்காவதாக "திஸ் காஸ்டு தி டிலே" என்று எழுதியிருக்கிறார்கள். தாமதத்துக்குக் காரணம் எது? நேரம் மாறியதா, சொல்லாமல் விட்டதா, பயிற்சியாளர் வராததா, மூன்றும் சேர்ந்தா? பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதே இந்தத் திஸ்ஸில் இருக்கிறது.

சுலபமான திருத்தம்: திஸ் என்பதற்கு வலப்பக்கம் ஒரு பெயர்ச்சொல் போடுங்கள். "திஸ் சேஞ்ச் காஸ்டு தி டிலே." "திஸ் ஆப்சென்ஸ் காஸ்டு தி டிலே." ஒரே சொல் சேர்ந்ததும் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. மூன்றும் சேர்ந்து என்றால் "தீஸ் த்ரீ ஃபெய்லியர்ஸ்".

அடுத்த படி: பெயர்ச்சொல் கிடைக்கவில்லையா? எதைச் சுட்டுகிறோம் என்பதை எழுதியவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். அந்த வரியைத் தமிழிலேயே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். "இதனால்" என்று தொடங்காமல், எதனால் என்பதை முழுதாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் அதையே ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

அதிக வேலை வைக்கும் திருத்தம்: முன்னால் உள்ள வாக்கியங்களின் வரிசையை மாற்றுவது. காரணமான செய்தி கடைசியில், திஸ் என்பதற்கு ஒட்டி வரும்படி அடுக்க வேண்டும். நீண்ட அறிக்கைகளில் பெரும்பாலும் இந்தப் படி வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

கணினியின் எழுத்துப்பிழைச் சோதனை இங்கே கைகொடுக்காது. திஸ், தீஸ் இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள் என்பதால் எழுத்துப்பிழைச் சோதனை எதையும் காட்டாது. இலக்கணச் சோதனை "திஸ் புக்ஸ்" போன்றதைப் பெரும்பாலும் பிடித்துவிடும். திஸ் எதைச் சுட்டுகிறது என்று நமக்காக முடிவு செய்யாது. நான் செய்வது இப்படி: தேடும் வசதியில் திஸ் என்று கொடுத்து ஒவ்வொன்றாக நின்று பார்ப்பேன். வலப்பக்கம் பெயர்ச்சொல் இருந்தால் தாண்டிவிடுவேன். நேராக வினை இருந்தால், எது என்று எனக்கே கேட்டுக்கொள்வேன்.

## அறிகுறி 8: திஸ்ஸா, தட்டா என்று கை தயங்குகிறது

கண்ணுக்கு முன்னால் இருக்கும் பொருளில் யாருக்கும் தயக்கம் வருவதில்லை. காலத்திலும் பேச்சிலும்தான் வருகிறது.

இன்றைய நாளை உள்ளடக்கிய பொழுது என்றால் திஸ்: திஸ் மார்னிங், திஸ் வீக், திஸ் இயர். முடிந்துபோன பொழுது என்றால் தட்: தட் டே, தட் ஈவ்னிங். இங்கே இன்னொரு சின்ன இடறல். "இந்த வாரத்தில் வருகிறேன்" என்பதை அப்படியே "ஐ வில் கம் இன் திஸ் வீக்" என்று எழுதுகிறார்கள். இன் வேண்டாம், "ஐ வில் கம் திஸ் வீக்". "ஆன் திஸ் மண்டே" என்பதிலும் ஆன் தேவையில்லை. இன்று இரவுக்கு "திஸ் நைட்" என்று சொல்வதில்லை, டுநைட். "இப்போதெல்லாம்" என்பதற்குத் தீஸ் டேஸ், முன்னால் இன் சேர்க்காமல். "அந்தக் காலத்தில்" என்பதற்கு "இன் தோஸ் டேஸ்", இன் சேர்த்து. ஏன் ஒன்றுக்கு வேண்டும், மற்றதற்கு வேண்டாம் என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பேச்சில், இனிமேல் சொல்லப் போவதைச் சுட்ட திஸ்தான் வரும்: "லிசன் டு திஸ்." சொல்லி முடித்ததைச் சுட்ட இரண்டும் வரலாம், ஆனால் எதிராளி சொன்னதைச் சுட்ட தட் இயல்பு: "தட் இஸ் ட்ரூ." ஒருவர் பேசி முடித்ததும் "திஸ் இஸ் ட்ரூ" என்று ஆமோதித்தால், தவறில்லை என்றாலும், கொஞ்சம் விறைப்பாகக் கேட்கும்.

ஒருவர் சொன்னதை நாம் திருப்பிச் சொல்லும்போது திஸ் தட் ஆகும், தீஸ் தோஸ் ஆகும். "ஐ லைக் திஸ் புக்" என்று அவன் சொன்னதை "ஹி செட் தட் ஹி லைக்டு தட் புக்" என்று எழுதுவோம். தேர்வில் கண்ணை மூடிக்கொண்டு இப்படியே மாற்றுங்கள். வாழ்க்கையில் அப்படி வேண்டாம். அந்தப் புத்தகம் இப்போது உங்கள் கையிலேயே இருந்தால் "ஹி செட் ஹி லைக்டு திஸ் புக்" என்பதே சரி. யார் எங்கே நின்று பேசுகிறார் என்பதுதான் கணக்கு.

## அறிகுறி 9: "தட் புக்ஸ்" என்று இருக்கிறது, ஆனால் திருத்தினால் வாக்கியம் கெடுகிறது

நல்லவேளை, இது பொய் அபாய மணி. "ஐ நோ தட் புக்ஸ் ஆர் எக்ஸ்பென்சிவ்" என்ற வாக்கியத்தில் தட் சுட்டுச்சொல்லே இல்லை. "புத்தகங்கள் விலை அதிகம் என்று எனக்குத் தெரியும்" என்பதில் வரும் "என்று" போல இரண்டு பகுதிகளை இணைக்கும் சொல். அதற்கு ஒருமை, பன்மை கிடையாது.

சோதனை சுலபம். தட் என்பதை எடுத்துவிட்டுப் படியுங்கள். "ஐ நோ புக்ஸ் ஆர் எக்ஸ்பென்சிவ்." பொருள் மாறாமல் நிற்கிறது. அப்படியென்றால் அது இணைப்புச் சொல், தொடாதீர்கள். தோஸ் என்று மாற்றினால் "அந்தப் புத்தகங்கள்" என்று பொருளே வேறாகிவிடும்.

"ஐ நோ தட் தட் புக் இஸ் ஓல்ட்" என்று இரண்டு தட் அடுத்தடுத்து வந்தாலும் பிழை கிடையாது. முதலாவது இணைப்பு, இரண்டாவது சுட்டு. படிக்க இடறுகிறது என்றால் முதலாவதை எடுத்துவிடலாம். வாய்விட்டுச் சொல்லும்போதும் வித்தியாசம் தெரியும்: இணைப்புச் சொல்லை விழுங்கினாற்போல மெலிதாகவும், சுட்டுச்சொல்லை முழுதாக அழுத்தியும் சொல்வார்கள்.

## அறிகுறி 10: ஒப்பிடும் வாக்கியம் எங்கோ உதைக்கிறது

"தி ஸ்க்ரீன் ஆஃப் திஸ் ஃபோன் இஸ் பிகர் தேன் மை ஓல்ட் ஃபோன்." இதில் திரையைப் பழைய ஃபோனோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். திரையைத் திரையோடு ஒப்பிட வேண்டும். "பிகர் தேன் தட் ஆஃப் மை ஓல்ட் ஃபோன்" என்று தட் ஆஃப் சேர்த்தால் சரியாகிவிடும். பன்மை என்றால் தோஸ் ஆஃப்: "தி பட்டன்ஸ் ஆஃப் திஸ் ஃபோன் ஆர் ஸ்மாலர் தேன் தோஸ் ஆஃப் மை ஓல்ட் ஃபோன்."

வலப்பக்கம் பார்க்கச் சொன்னேன் அல்லவா? இங்கே மட்டும் இடப்பக்கம் பாருங்கள். ஏற்கெனவே வந்த பெயர்ச்சொல்லுக்குப் பதிலாக இந்தத் தட் நிற்கிறது. அது ஸ்க்ரீன் என்றால் தட், பட்டன்ஸ் என்றால் தோஸ். பொருள் கிட்டே இருந்தாலும் இந்த இடத்தில் திஸ் ஆஃப், தீஸ் ஆஃப் வராது.

## அறிகுறி 11: எழுத்தில் சரி, சொன்னால் மாறிக் கேட்கிறது

திஸ், தீஸ் இரண்டுக்கும் தமிழில் ஸ் போட்டு எழுதுகிறோம். ஆங்கில ஒலி அப்படி இல்லை. திஸ் குறிலாக வந்து, காற்று மட்டும் சீறி முடியும். தீஸ் நெடிலாக வந்து, தேனீயின் ரீங்காரம் போல அதிர்ந்து முடியும். தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். திஸ் முடியும்போது அதிர்வு நின்றுவிட வேண்டும். தீஸ், தோஸ் முடியும்போது அதிர்வு தொடர வேண்டும்.

தொடக்க ஒலிக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு கைப்பிடி இருக்கிறது. "இது", "அது" என்று மெதுவாகச் சொல்லுங்கள். நடுவில் வரும் தகரம் "தம்பி" என்பதில் வருவது போல வன்மையாக இருக்காது. மென்மையாக, காற்று கசிந்து வரும். அந்த ஒலியைச் சொல்லின் தொடக்கத்தில் வைத்தால் ஆங்கிலத்துக்குத் தேவையான ஒலி கிட்டத்தட்ட வந்துவிடும்.

கேட்கும்போது பிரித்தறிய முடியவில்லை என்றால் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். பின்னால் இஸ் வருகிறதா, ஆர் வருகிறதா என்று கேளுங்கள்.

## எப்போது இன்னொருவர் கையில் கொடுக்க வேண்டும்

மேலே உள்ளவற்றில் பெரும்பாலானவை நீங்களே தீர்த்துக்கொள்ளக்கூடியவை. மூன்று இடங்களில் மட்டும் தயங்காமல் அனுபவமுள்ளவரிடம் போங்கள்.

ஒன்று, ஒப்பந்தம், உறுதிமொழிப் பத்திரம் போன்ற சட்ட ஆவணம். அதில் ஒரு திஸ் எந்தப் பிரிவைச் சுட்டுகிறது என்பது பணத்தையும் உரிமையையும் தொட்டுவிடும். வழக்கறிஞர்தான் பார்க்க வேண்டும். இரண்டு, ஆய்வேடு, ஆய்விதழ்க் கட்டுரை. ஏழாவது அறிகுறி பக்கத்துக்குப் பக்கம் வருகிறது என்றால் அந்தத் துறை தெரிந்த பிழைதிருத்துநர் தேவை. மூன்று, உச்சரிப்பு. விரல் வைத்துப் பழகியும் கேட்பவர்கள் திஸ், தீஸ் இரண்டையும் குழப்பிக்கொண்டே இருந்தால், எதிரில் உட்கார்ந்து வாயசைவைப் பார்த்துச் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் தேவை.

பிழைதிருத்துநரிடம் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்துவிடுங்கள். பெயர்ச்சொல் இல்லாமல் தனியாக நிற்கும் ஒவ்வொரு திஸ், தட் பக்கத்திலும், ஓரத்தில் பென்சிலால், அது எதைச் சுட்டுகிறது என்று தமிழிலேயே ஒரு சொல் எழுதி வையுங்கள். சொல் வராத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். அவர் முதலில் பார்க்க வேண்டியது அந்த இடங்களைத்தான்.